எது முந்தியது? ஆலங்குடாவிலிருந்து தப்போவ வரை பாறைகளின் வரிசை

ஆலங்குடாக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் ஒரு பாறையும் கண்ணில் படாது. மணல், தென்னை, வெங்காயத் தோட்டங்கள், அவற்றுக்கப்பால் புத்தளம் களப்பு. ஆனால் நுரைச்சோலை, பாலாவி வழியாகப் புத்தளத்துக்குப் போய், அங்கிருந்து அனுராதபுர வீதியில் தப்போவக் குளம் வரை சென்று, பிறகு வடக்கே வண்ணாத்திவில்லுப் பக்கம் திரும்பினால், நான்கு வெவ்வேறு காலத்து நிலங்களை மிதித்துவிடலாம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல், அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல், தப்போவ மணற்கல், இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் வன்னிப் பகுதியின் நைஸ் பாறை. சுண்ணாம்புக்கல்லின் மீது கிடக்கும் செம்மண்ணையும் சேர்த்தால் ஐந்து.

இந்த ஐந்தில் எது முந்தியது, எது பிந்தியது என்பது ஆய்வுகூடத்தில் தெரிய வந்த செய்தி அல்ல. சுத்தியல், கைக்கண்ணாடி, குறிப்புப் புத்தகம் ஆகியவற்றோடு வெயிலில் நடந்தவர்கள் கண்டறிந்த வரிசை அது. ஒரு பாறைக்கு இத்தனை ஆண்டு என்று எண் சொல்லாமல், இது அதற்கு மூத்தது என்று மட்டும் சொல்வதைப் புவிச்சரிதவியலாளர்கள் சார்பு வயது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு வரி விதி சொல்லித் தருகிறோம்: கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. விதி சரிதான். ஆனால் இந்த விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்கு வருபவர் அடிக்கடி தடுமாறுவார். இங்கே இளைய மணல் மூத்த மணலின் மேல் இல்லாமல் பக்கத்தில் கிடக்கிறது. இளைய மணற்கல் மூத்த பாறையைவிடத் தாழ்வான இடத்தில் கிடக்கிறது. இலங்கையின் தென்கிழக்கே போனால் மூத்த பாறையே இளைய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு படை அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் மேல் கீழ் பார்த்து வயது சொல்ல முடியாது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

மேல் கீழ் விதியை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் டென்மார்க்கில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ. உடற்கூறு மருத்துவரான அவர், 1666 இல் இத்தாலியக் கரையில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை ஃப்ளோரன்ஸ் நகரில் அறுத்துப் பார்த்தார். மலைப்பாறைகளுக்குள் கிடைத்துவந்த முக்கோணக் கற்கள் சுறாவின் பற்களே என்று அவருக்கு உறைத்தது. திடமான கல்லுக்குள் திடமான பல் எப்படி நுழைந்தது? கல் ஒரு காலத்தில் சேறாக இருந்து, பல் அதில் புதைந்து, பிறகு சேறு இறுகியிருக்க வேண்டும். 1669 இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இந்தக் கேள்வியிலிருந்தே விதிகள் பிறந்தன. நீரில் படியும் சேறும் மணலும் முதலில் கிடையாகவே படியும். தடை ஒன்று வராதவரை பக்கவாட்டில் தொடர்ந்து பரவும். ஒரு படை படியும்போது அதன் அடியிலுள்ள படை ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும். சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும் பாறைகளைப் பார்த்தால், படிந்த பிறகே அவை சாய்ந்தன என்று கொள்ளலாம்.

ஆலங்குடாவில் தோட்டக் கிணறு வெட்டும்போது ஸ்டெனோவின் விதிகளைக் கண்ணால் பார்க்கலாம். மேலே வேரும் சருகும் கலந்த சாம்பல் நிற மணல். அதன்கீழ் வெளிறிய மஞ்சள் மணல், இடையிடையே சிப்பித் துண்டுகள். சில மீற்றர் ஆழத்திலேயே தண்ணீர் ஊறிவிடும். களப்புப் பக்கமாக வெட்டினால் மணலுக்கு அடியில் கருஞ்சாம்பல் நிறச் சேறு தட்டுப்படும் இடங்களும் உண்டு. கொங்கிறீட் வளையத்தை இறக்கிவிட்டால் இந்த வெட்டுமுகம் மறைந்துவிடும். அதற்கு முன் பார்த்தவருக்குச் சேறு முதலில், மணல் பிறகு என்ற வரிசை கிடைக்கிறது.

அந்த வரிசைக்கு என்ன பொருள் என்பது அடுத்த கேள்வி. இங்கே ஜெர்மானியரான ஜொகானஸ் வால்தர் துணைக்கு வருகிறார். 1880களின் இறுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, பாக்கு நீரிணையின் பவளத் திட்டுகளையும் ஆதாம் பாலத்தையும் ஆராய்ந்து 1891 இல் எழுதியவர் அவர். சில ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பெரிய நூலிலுள்ள ஒரு கருத்து இன்று அவர் பெயராலேயே வால்தர் விதி எனப்படுகிறது. இடைவெளியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் படைகள், ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக இருந்த சூழல்களில் உருவானவை என்பது அதன் சாரம். களப்புச் சேற்றின் மேல் கடற்கரை மணல் கிடந்தால், களப்பும் மணற்கரையும் அன்றும் இன்றுபோல் அருகருகே இருந்தன. மணற்கரை மெல்ல நகர்ந்து களப்பின்மேல் ஏறியது. கிணற்றின் மேல்கீழ் வரிசை உண்மையில் ஒரு பக்கவாட்டு நகர்வின் பதிவு. பாக்கு நீரிணையையும் மன்னார்க் கரையையும் பார்த்த ஒருவரின் எழுத்தில் இப்படி ஒரு விதி எழுந்தது எனக்கு வியப்பைத் தரவில்லை. மணலும் சேறும் பவளமும் இவ்வளவு நெருக்கமாக இடம் மாறிக்கொள்ளும் கரைகள் அதிகம் இல்லை.

கற்பிட்டிக் குடாநாடே அப்படி நகர்ந்து வளர்ந்த மணல்நாக்குத்தான். களனி, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் கடலில் கொட்டும் மணலைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையோரமாக வடக்கே தள்ளுகின்றன. அந்த மணல் கரைக்கு இணையான மேடுகளாகச் சேர்ந்தது. இப்படிச் சேர்ந்த இடத்தில் ஒரு மேட்டின்மேல் அடுத்த மேடு ஏறுவதில்லை. கடல் பக்கமாக அதன் முன்னே வந்து நிற்கிறது. எனவே கடலை நோக்கி நடக்க நடக்க வயது குறையும். அதாவது இங்கே சார்பு வயதை ஆழத்தில் தேடாமல் அகலத்தில் தேட வேண்டும். காற்று பழைய மணலை எடுத்துப் புதிய இடத்தில் குவிக்கும்போது இந்த ஒழுங்கும் குலையும். அதனால்தான் மணல்மேட்டின் உருவத்தை மட்டும் நம்பாமல் உள்ளே வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெட்டிப் பார்ப்பவர் தேடும் சிறிய தடயங்களில் ஒன்றை ஆலங்குடாக் கரையில் எவரும் சோதிக்கலாம். அலை பின்வாங்கியதும் ஈர மணலில் கிடக்கும் மட்டிச் சிப்பிகளைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலானவை குழிந்த பக்கம் கீழாக, முதுகு மேலாகக் கவிழ்ந்து கிடக்கும். மல்லாந்து கிடக்கும் சிப்பியை அடுத்த அலை எளிதில் புரட்டிவிடும். கவிழ்ந்து கிடப்பது நீரோட்டத்துக்கு அசையாது. பல மில்லியன் ஆண்டு கழித்து இந்தக் கரை பாறையாகி, நிலம் மடிந்து தலைகீழாகிவிட்டாலும், பாறைக்குள் உள்ள சிப்பிகளின் முதுகு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பார்த்து, முதலில் எது மேல்பக்கமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். கீழே கிடப்பது பழையது என்று அறிவிக்கும் முன், இந்தக் கீழ் உண்மையிலேயே கீழ்தானா என்று கேட்பது களத்தின் முதல் ஒழுக்கம்.

கரையின் இன்னொரு தடயம் மணலின் நிறத்தில் இருக்கிறது. பெரிய அலைகளுக்குப் பிறகு கரையில் கறுப்புக் கோடுகள் தென்படும். கனமான கனிமங்கள் அலையில் அடித்துச் செல்லப்படாமல் அங்கே தங்கிவிடுவதால் வருபவை. இல்மனைற்று, காணற்று, சேர்கன் போன்றவை இத்தகைய மணலில் உண்டு. அவை மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து ஆற்றோடு வந்தவை. ஒரு சேர்கன் மணியை எடுத்து அதிலுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தால் 550 மில்லியன் ஆண்டு என்றோ, அதைவிட எத்தனையோ மடங்கு என்றோ விடை வரலாம். கரைக்கு அந்த வயது கிடையாது. கரை சில ஆயிரம் ஆண்டுகளில் குவிந்தது. ஒரு படைக்குள் சிக்கியிருக்கும் துண்டு அந்தப் படையைவிட மூத்தது என்ற உட்சேர்க்கை விதி இங்கே அளக்கும் கருவிக்கே வரம்பு போடுகிறது. மணி எப்போது பிறந்தது என்பதைக் கருவி சொல்லும். மணல் எப்போது படிந்தது என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

களப்பின் மறுகரைக்குப் போவோம். அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைப் பாலாவிச் சீமெந்து ஆலைக்காக வெட்டி எடுக்கிறார்கள். கல் வெட்டிய பக்கச் சுவரில் மேலே செங்கபில மண், கீழே வெளிறிய கல். இரண்டுக்கும் இடையிலான கோடு நேராக இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேற்பரப்பில் குழிகளும் குடைவுகளும் விழுந்திருக்க, செம்மண் அவற்றுக்குள் இறங்கி நிரம்பியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்லக் கரையக்கூடியது. அது கரைய வேண்டுமானால் கடலுக்கடியில் இருந்து வெளியே வந்து மழையில் நனைந்திருக்க வேண்டும். ஆகவே இந்தச் சுவரில் குறைந்தது நான்கு நிகழ்ச்சிகள் வரிசையாக இருக்கின்றன. கடலடியில் சுண்ணாம்பு படிந்து இறுகியது. நிலம் உயர்ந்தோ கடல் தாழ்ந்தோ அது வெளிப்பட்டது. மழை அதை அரித்துக் குழியாக்கியது. பிறகு செம்மண் வந்து மூடியது. கண்ணுக்குத் தெரிவது இரண்டு படைதான். நடுவில் உள்ள அரிப்புக்குத் தனிப்படை கிடையாது. அது விட்டுச் சென்ற மேடுபள்ளமே அதன் சாட்சி.

இந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பதும் இதே காலத்துக் கல்தான். மயோசீன் என்ற பிரிவே முதலில் ஆண்டுக் கணக்கில் பிறக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சார்ள்ஸ் லயல் 1833 இல் அதை அறிமுகப்படுத்தியபோது அவர் கையில் இருந்தது சிப்பிக் கணக்கு. பாரிஸ் நகரின் சிப்பி அறிஞர் தெசாயே, ஆயிரக்கணக்கான புதைந்த சிப்பிகளையும் உயிருள்ள சிப்பிகளையும் ஒப்பிட்டு வைத்திருந்தார். ஒரு படையில் கிடைக்கும் இனங்களில் இன்றும் கடலில் வாழ்பவை எத்தனை வீதம்? மிகச் சில என்றால் படை பழையது. பெரும்பகுதி என்றால் புதியது. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவை இன்றும் வாழ்பவை என்ற அளவில் இருந்த படைகளை லயல் மயோசீன் என்றார். எண் இருக்கிறது, ஆனால் அதில் ஆண்டு இல்லை. முழுக்க முழுக்க ஒரு சார்பு வயது. மிக அழகான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. உயிர்கள் மறைவதும் தோன்றுவதும் திரும்பி வராத ஒரு போக்கு என்ற ஒரே நம்பிக்கையில் நிற்பது அது. இங்கிலாந்தில் கால்வாய்கள் தோண்டப்பட்ட காலத்தில் வில்லியம் ஸ்மித் என்ற அளவையாளர் பாறைக்குப் பாறை சிப்பி மாறுவதைக் கவனித்து 1815 இல் வரைந்த பெரிய வரைபடமும் அந்த நம்பிக்கையையே கொண்டிருந்தது.

இலங்கையின் மயோசீன் பற்றிய அடிப்படை ஆய்வை ஈ.ஜே. வேலண்ட், ஏ.எம். டேவிஸ் ஆகியோர் 1923 இல் வெளியிட்டனர். வேலண்ட் இங்கே கனிப்பொருள் அளவைப் பணியில் இருந்துவிட்டு உகண்டாவுக்குப் போனவர். இந்தச் சுண்ணாம்புக்கல்லை அயல்நாட்டுப் பாறைகளோடு வயதில் பொருத்த உதவியது கடலடியில் வாழ்ந்த ஒரு சிற்றுயிரின் ஓடு. ஒற்றைச் செல் உயிரின் ஓடுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவு வட்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பம்பாயில் இருந்த எச்.ஜே. கார்ட்டர் 1853 இல் மலபார்க் கரைச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து விவரித்து மலபாரிக்கா என்று பெயரிட்டது. பின்னாளில் டாபெரினா மலபாரிக்கா என அறியப்பட்டது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரையில் வெளிப்படும் கொல்லம் சுண்ணாம்புக்கல்லிலும், இலங்கையின் மயோசீன் சுண்ணாம்புக்கல்லிலும் இது கிடைக்கிறது. இரண்டு நாட்டுக் கல்லையும் ஒட்டவைத்துப் பார்க்க முடியாது, நடுவே கடல். இந்த உயிர் வாழ்ந்த காலம் குறுகியது, பரவிய பரப்பு பெரியது, வடிவமோ எளிதில் அடையாளம் காணக்கூடியது. அதனால் இரண்டு படைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை, மயோசீனின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று 1950 இல் எஃப்.ஈ. ஈம்ஸ் வாதிட முடிந்தது. இன்றைய ஆண்டுக் கணக்கில் அது சுமார் 20 முதல் 16 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்.

செம்மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் இது வடமேற்குக் கரை நெடுகக் காணப்படுகிறது. வில்பத்துக் காட்டின் ஓரத்தில் குதிரைமலையின் செம்மண் மேடு கடலிலிருந்தே தெரியும். மன்னார்க் குடாவைக் கடந்தால் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் தேரி மணல் இதே சிவப்பில் கிடக்கிறது. நிறத்தைப் பார்த்து இரண்டையும் ஒரே காலப் படிவு என்று சொல்லிவிடும் ஆசை எழும். சிவப்பு என்பது மணல்மணிகளைச் சுற்றிய இரும்பு ஒட்சைட்டின் வேலை. பழைய ஆணியும் புதிய ஆணியும் ஒரே மழையில் நனைந்தால் இரண்டும் துருப்பிடிக்கும். துருவைப் பார்த்து எந்த ஆணி எப்போது அடிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. நிறம் படிந்த காலத்தைக் காட்டுவதில்லை, படிந்த பிறகு பட்ட வெயிலையும் மழையையும் காட்டுகிறது. செம்மண்ணின் வயதுக்கு உறுதியான சாட்சி அதற்குள் கிடக்கும் பொருள்களே. இரணைமடுப் படிவு என்று சிரான் தெரணியகல பெயரிட்டு ஆராய்ந்த இந்தச் செம்மண் படிவுகளிலும் அவற்றின் அடிப்பரலிலும் மனிதர் செதுக்கிய கற்கருவிகள் இருக்கின்றன. தேரியிலும் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. கருவி செய்த கை இல்லாமல் கருவி இல்லை. ஆகவே அவை கிடக்கும் படை மனிதர் தோன்றிய பிறகே படிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கும் அதன்மேல் ஒட்டிக் கிடக்கும் செம்மண்ணுக்கும் நடுவே, ஒரு விரல் வைக்கும் இடத்தில், பல மில்லியன் ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன.

தப்போவ வேறு வகைப் புதிர். புத்தளத்துக்கு வடகிழக்கே குளத்தைச் சுற்றிய காட்டுநிலத்தில் மணற்கல்லும் களிக்கல்லும் அங்கங்கே எட்டிப் பார்க்கின்றன. சுற்றிலும் மிகப் பழைய நைஸ். நைஸின் மேல் இந்த மணற்கல் தொப்பிபோல உயர்ந்து நிற்கவில்லை. நைஸ் நிலத்தோடு நிலமாக, அதற்குள் அமிழ்ந்தாற்போல் இருக்கிறது. இங்கே மேல் கீழ் விதிக்கு வாய் அடைத்துவிடும். மணற்கல்லைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் விடை கிடைக்கிறது. அதில் குவார்ட்சோடு பெல்ட்சுபார் மணிகளும் நிறைய. பெல்ட்சுபார் நைஸில் மிகுந்திருக்கும் கனிமம். வெகுதூரம் ஆற்றில் உருண்டால், நீண்ட காலம் மழையில் கிடந்தால் சிதைந்து களியாகிவிடும். சிதையாமல் இருப்பதால் அது பக்கத்து நைஸிலிருந்து விரைவாக வந்து படிந்தது என்று கொள்ளலாம். மணற்கல் நைஸின் துண்டுகளால் ஆனது. எனவே நைஸ் மூத்தது. அப்படியானால் இளையது ஏன் தாழ்ந்து கிடக்கிறது? நிலம் பிளந்து, பிளவுகளுக்கு இடைப்பட்ட துண்டு கீழே இறங்கியிருக்கிறது. பிளவு மணற்கல்லையும் வெட்டிச் செல்கிறது. ஒன்றை வெட்டிச் செல்வது வெட்டுப்பட்டதைவிடப் பிந்தியது என்பது இன்னொரு விதி. கிழக்கு மாகாணத்தில் நைஸை ஊடறுத்து ஓடும் டொலரைட் சுவர்களின் முன்பின்னையும் இந்த விதியே தீர்க்கிறது. தப்போவயில் வரிசை இப்படி வருகிறது: நைஸ், மணற்கல், பிளவின் கடைசி அசைவு. இறங்கியதால்தான் மணற்கல் தப்பியது. அதே காலத்தில் உயரமான இடங்களில் படிந்தவை அரிப்பில் போயிருக்கும். ஆண்டிகமப் பக்கத்திலும் இதே வகைப் படிவு ஒரு தாழ்ந்த துண்டில் எஞ்சியிருக்கிறது.

தப்போவயின் வயதைக் காட்டியவை இலைகள். களிக்கற்களைப் பிளந்தபோது பன்னங்களும், சைக்காசுபோன்ற செடிகளின் சீப்பு இலைகளும், ஊசியிலை மரங்களின் கிளைகளும் அச்சாகக் கிடைத்தன. கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஏ.சி. சிவார்டும் இளைஞரான ஆர்.ஈ. ஹோல்ட்டமும் 1922 இல் அவற்றை ஜுராசிக் காலச் செடிகள் என்று விவரித்தனர். ஹோல்ட்டம் பின்னர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகி, உயிருள்ள பன்னங்களைப் பற்றி உலகம் கேட்கும் அறிஞரானார். 1944 இல் ஆர்.வி. சிதோலே தப்போவச் செடிகளை மீண்டும் விரிவாக ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர், சிவகங்கைப் பகுதிகளில் கிடைக்கும் மேல் கோண்டுவானாப் படைகளிலும் இந்தக் குடும்பத்து இலைகள் உண்டு. அங்கிருந்து ஒரு பாடம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் படைகளும் செடிகளை வைத்து நீண்டகாலம் ஜுராசிக் என்றே எழுதப்பட்டன. அவற்றுக்கிடையே உள்ள கடல் உயிர்ச்சுவடுகளைக் கவனமாகப் பார்த்தபின் கிரெட்டேசியசின் முற்பகுதிக்கு நகர்த்தினார்கள். செடிகள் மெதுவாக மாறுகின்றன. ஒரே இலை வடிவம் மில்லியன் கணக்கான ஆண்டுகள் நீடிக்கும். கடலின் சிற்றுயிர்கள் விரைவாக மாறுகின்றன. காலத்தை நறுக்கிக் காட்ட எந்த உயிர் ஏற்றது, எது ஏற்றதல்ல என்ற இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு உயிர்ச்சுவட்டு வயதுகளை எல்லாம் ஒரே உறுதியோடு சொல்வது சரியல்ல.

நைஸுக்கும் தப்போவ மணற்கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இந்த மாவட்டத்தின் மிகப்பெரிய செய்தி. 1788 இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்கொட்லாந்தின் சிக்கார் முனையில், செங்குத்தாக நிமிர்ந்த பழைய படைகளின் வெட்டுண்ட தலைமேல் சிவப்பு மணற்கல் மெல்லச் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். படிய, இறுக, நிமிர, அரிய, மீண்டும் படிய எவ்வளவு காலம் வேண்டும் என்று எண்ணியபோது பூமியின் வயதைப் பற்றிய பழைய எண்ணங்கள் அவருக்குக் கலைந்தன. புத்தளத்தில் அந்தக் கணக்கு இன்னும் பெரிது. இங்குள்ள நைஸின் கனிமங்கள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றின்மேல் ஆற்று மணல் படிய வேண்டுமானால், மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையும் முதலில் அரிந்து போயிருக்க வேண்டும். மலைத்தொடர் ஒன்று முழுதாகத் தேய்ந்து முடிந்த காலம் நைஸும் மணற்கல்லும் தொடும் கோட்டுக்குள் இருக்கிறது. அந்த நைஸ் உருமாறியது சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்று இன்று அளந்திருக்கிறார்கள். தப்போவ மணற்கல் அதற்கு 400 மில்லியன் ஆண்டளவு பிந்தியது. எண் தெரியாமலே, இடைவெளி மிகப் பெரிது என்பதைப் பாறையின் தன்மையிலிருந்து அறிய முடியும்.

நைஸுக்குள்ளேயே போனால் களக் கண் தடுமாறும். இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பழைய வரைபடங்கள் மலைநாட்டுத் தொகுதி, விஜயன் தொகுதி என்று பிரித்தன. கிழக்கே தாழ்நிலத்தில் கிடக்கும் விஜயன் மூத்த அடித்தளம், மலைநாட்டுப் பாறைகள் அதன்மேல் பின்னர் படிந்தவை என்ற எண்ணம் நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தது. கதிர்காமத்திலும் புத்தலயிலும் மலைநாட்டு வகைப் பாறைத் துண்டுகள் விஜயனின் மேல் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். 1988 இல் மிலிசெண்டாவும் அவரோடு பணியாற்றியவர்களும் ஓரிடமூலக (ஐசோடோப்பு) அளவீடுகளை வெளியிட்டபோது இந்தப் படம் தலைகீழானது. மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் 2,000 முதல் 3,000 மில்லியன் ஆண்டு பழமையானது. விஜயனும் வன்னியும் 1,000 முதல் 2,000 வரை. கதிர்காமத்தில் மேலே இருப்பது படிந்து வந்ததல்ல. கண்டங்கள் மோதியபோது தள்ளப்பட்டு ஏறியது. ஸ்டெனோவின் விதி பொய்க்கவில்லை. படிந்த படைகளுக்கான விதியைத் தள்ளப்பட்ட பாறைக்குப் போட்டதுதான் பிழை.

ஆண்டுக் கணக்கு எப்போதும் வரிசையைத் திருத்தியது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்த் திசையில் ஒரு நிகழ்ச்சி இலங்கையிலேயே உண்டு. கலை வரலாற்றாசிரியராக நாம் அறியும் ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில், 1904 இல், சப்பிரகமுவ மாணிக்கப் பரலிலிருந்து தோரியனைட் என்ற கனமான கறுப்புக் கனிமம் உலகுக்கு அறிமுகமானது. மூன்றாண்டு கழித்து அமெரிக்காவில் பேர்ட்ரம் போல்ட்வுட், கதிரியக்கத்தால் கனிமங்களின் வயதைக் கணக்கிடும் முதல் முயற்சிகளில் ஒன்றை வெளியிட்டார். அவருடைய பட்டியலில் உச்சத்தில் நின்றது சப்பிரகமுவத் தோரியனைட், 2,200 மில்லியன் ஆண்டு. மற்றொரு தோரியனைட், காலி மாவட்டத்தது, 860. ஒரே நாட்டின் ஒரே கனிமத்துக்கு இப்படி இரண்டு விடை வந்ததே முறை முதிரவில்லை என்பதற்கு அடையாளம். தோரியமும் ஈயமாக மாறுகிறது என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை; ஓரிடமூலகம் என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. எண்கள் பிறகு முழுக்க மாறின. ஆனால் நைஸுக்குப் பிறகு தப்போவ, தப்போவக்குப் பிறகு சுண்ணாம்புக்கல், அதற்குப் பிறகு செம்மண் என்று நடந்து பார்த்து எழுதிய வரிசையில் ஒன்றும் இடம் மாறவில்லை.

நிலத்தில் காணாமல் போனவை சில கடலில் இருக்கின்றன. ஆலங்குடாவுக்கு மேற்கே மன்னார்ப் படுகையில் பல கிலோமீற்றர் தடிப்புக்கு அடையல் குவிந்திருக்கிறது. 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் அங்கே துளைத்த டொராடோ, பராகூடா கிணறுகள் இயற்கை வாயுவைக் காட்டின. துளைத் துகளில் வரும் நுண்ணுயிர் ஓடுகளை ஆழ வரிசைப்படி அடுக்கிப் பார்த்துத்தான் எந்தக் காலத்துப் படையை எட்டினோம் என்று துளைப்பவர்கள் அறிவார்கள். தப்போவக்கும் அருவக்காட்டுக்கும் நடுவே நிலத்தில் வெறுமையாகக் கிடக்கும் காலம் இந்தப் படுகையில் மணலாகவும் களியாகவும் நிரம்பியிருக்கிறது. ஓர் இடத்தின் இடைவெளி இன்னோர் இடத்தின் படிவு.

இதெல்லாம் வண்ணாத்திவில்லில் ஆழ்கிணறு துளைப்பவருக்கு அன்றாடக் கணக்கு. செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் போனால் அழுத்தத்தோடு நீர் கிடைக்கும். நைஸை எட்டிவிட்டால் மேற்கொண்டு துளைப்பதில் பெரிய பயன் இல்லை. வரிசை தெரியாதவர் எங்கே நிறுத்துவது என்று அறியமாட்டார். 2017 ஏப்ரலில் கொழும்பின் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு, தலைநகரின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் புத்தளத்து மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, அவர்களுடைய அச்சத்தின் நடுவே இருந்ததும் நீர்தான். சுண்ணாம்புக்கல் கரையும் கல். அதன் மேற்பரப்பு எங்கே குழிந்திருக்கிறது, எந்தக் குழியைச் செம்மண் இறுக அடைத்திருக்கிறது, எது திறந்த வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது என்பவை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே துளைத்துப் பார்த்து வரைய வேண்டியவை. சீமெந்துக்காக வெட்டி மீள நிரப்பிய குழிகளில் செம்மண்ணும் கல்தூளும் தலைகீழாகக் கலந்து கிடக்கும். அந்த இடங்களில் இயற்கை எழுதிய வரிசை இனி இல்லை. வெட்டுவதற்கு முன் எடுத்த துளைப் பதிவுகள் மட்டுமே அதற்குச் சாட்சி. அந்தப் பதிவுகளைப் புத்தளத்து மக்களும் பார்க்கக் கிடைக்க வேண்டும்.